சிங்கத்துக்குப் பாட்டுக் கட்டியவர் யார்?



'தி லயன் கிங்' என்ற கார்ட்டூன் படத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். 1994-ல் வெளிவந்த படம். அதில் டிமோன் என்ற கீரி வகைப் பிராணியும், பும்பா என்ற காட்டுப்பன்றியும் காட்டு வழியே நடந்துகொண்டே ஜாலியாக ஒரு பாட்டுப் பாடுமே, நினைவிருக்கிறதா? 'தி லயன் ஸ்லீப்ஸ் டுநைட்' என்பது அந்தப் பாட்டின் பெயர். 'இன்றிரவு சிங்கம் தூங்குகிறது' என்று அர்த்தம். படம் பார்க்காதவர்கள்கூட அந்த மெட்டை எங்காவது கேட்டிருப்பீர்கள்.

சரி, இப்போது ஒரு கேள்வி. அந்த மெட்டைப் போட்டவர் யார்?

தெரியாதா? கவலைப்படாதீர்கள். உலகத்தில் பல கோடிப் பேருக்குத் தெரியாது. பாட்டு மட்டும் ஊர் ஊராக, நாடு நாடாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதைப் பெற்றவரின் பெயரோ பாதி வழியிலேயே தொலைந்துபோனது.

'பாப்புலர்' என்ற சொல்லைச் சுருக்கித்தான் 'பாப்' என்கிறார்கள். பாப் பாட்டு என்றால் ஜனங்களுக்குப் பிடித்த பாட்டு. ஒரு பாட்டை நிறையப் பேர் பாடினால் அதற்குப் போதுமான மரியாதை கிடைத்துவிட்டது என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். நான் அப்படி நினைக்கவில்லை. பாட்டைக் கட்டியவர் பெயரையும், அவர் பாடிய பாட்டையும் தெரிந்துகொள்ளும்போதுதான் அந்தப் பாட்டுக்கு முழு மரியாதை கிடைக்கிறது. அதுவரைக்கும் அது பாதி மரியாதைதான். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கு இந்தச் சிங்கப் பாட்டின் கதையே சாட்சி. கேளுங்கள்.

மாடு மேய்த்த ஊர்

தென்னாப்பிரிக்காவில் நேட்டால் என்று ஒரு பகுதி. காந்தியடிகள் 1893-ல் வழக்கறிஞராகப் போய் இறங்கினாரே, அந்த டர்பன் துறைமுகம் இருக்கும் பகுதிதான். அங்கே பொமராய் என்ற ஊருக்கு அருகில், ஜூலு இனக் குடும்பத்தில் 1909-ல் பிறந்தவர் சாலமன் லிண்டா. லிண்டா என்றதும் பெண் பெயர் என்று நினைத்துவிடாதீர்கள். அது அவருடைய குலப் பெயர்.

அந்த ஊரில் பிள்ளைகள் மாடு மேய்ப்பார்கள். மாட்டைச் சிங்கம் அடித்துவிடாமல் காவல் காப்பதும் அவர்கள் வேலை. அந்தச் சிறு வயது அனுபவம்தான் பின்னாளில் பாட்டாக வந்தது என்று சொல்வார்கள்.

வாலிப வயதில் லிண்டா பிழைப்புத் தேடி ஜோகன்னஸ்பர்க் நகரத்துக்குப் போனார். பகலில் வேலை, இரவில் பாட்டு. 'ஈவினிங் பேர்ட்ஸ்', அதாவது 'அந்திப் பறவைகள்', என்ற பெயரில் நண்பர்களோடு ஒரு பாடகர் குழு வைத்திருந்தார். மொத்தம் ஆறு பேர். கோட்டும் தொப்பியும் போட்டு மிடுக்காக மேடை ஏறுவார்களாம்.

காலோ என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் கிடங்கில் லிண்டாவுக்கு வேலை கிடைத்தது. என்ன வேலை தெரியுமா? இசைத்தட்டுகளைப் பெட்டியில் அடுக்கிக் கட்டும் வேலை! மற்றவர்கள் பாடிய தட்டுகளைக் கட்டிக்கொண்டிருந்தவருக்கு, 1939-ல் அதே நிறுவனத்தின் ஒலிப்பதிவுக் கூடத்தில் தாமே பாடும் வாய்ப்பு வந்தது.

அன்று அந்த ஆறு பேரும் பாடிய பாட்டின் பெயர் 'ம்பூபே'. ஜூலு மொழியில் 'சிங்கம்' என்று பொருள். தோழர்கள் அடிக்குரலில் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பப் பாட, அதற்கு மேலே லிண்டாவின் உச்சக்குரல் பறந்து பறந்து வரும். பாட்டு முடியப்போகும் நேரத்தில், முன்கூட்டித் திட்டமிடாமல், அவர் வாயிலிருந்து ஒரு சின்ன மெட்டு வந்து விழுந்தது. சில விநாடிகள்தான். இன்று உலகம் முழுவதும் முணுமுணுக்கும் மெட்டு அதுதான்!

அந்தக் காலத்து இசைத்தட்டு நிமிடத்துக்கு 78 முறை சுற்றும். ஒரு பக்கத்தில் சுமார் 3 நிமிடப் பாட்டுதான் அடங்கும். 'ம்பூபே' அதற்குள் அடங்கிய பாட்டு. ஆனால் அது விற்றதோ ஆப்பிரிக்காவில் சுமார் ஒரு லட்சம் தட்டுகள். அந்தப் பாணியில் கூட்டாகப் பாடும் முறைக்கே 'ம்பூபே' என்று பெயர் வந்துவிட்டது. சொந்த மண்ணில் அந்தப் பாட்டுக்கு அத்தனை மவுசு!

பாட்டின் உரிமைக்காக லிண்டாவுக்குக் கிடைத்த தொகை எவ்வளவு? 10 ஷில்லிங். 20 ஷில்லிங் சேர்ந்தால்தான் ஒரு பவுண்டு. ஆக, அரைப் பவுண்டு!

தேன் எடுத்தவன் புறங்கையை நக்குவான் என்று நம் ஊரில் பழமொழி சொல்வோம். இங்கே தேன் எடுத்தவருக்குப் புறங்கை அளவுகூட மிஞ்சவில்லை.

கடல் கடந்த சிங்கம்

அடுத்த பத்து ஆண்டுகளில் அந்த இசைத்தட்டு கப்பலேறி அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்தது. நாட்டுப்புறப் பாடல்களைச் சேகரித்து வந்த ஆலன் லோமாக்ஸ் என்பவர், அதைத் தம் நண்பரான பாடகர் பீட் சீகரிடம் கொடுத்தார். சீகருக்குப் பாட்டு மிகவும் பிடித்துப்போனது. தட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். ஜூலு மொழியில் 'நீ ஒரு சிங்கம்' என்று பொருள்படும் சொல், அவர் காதில் 'விமோவே' என்று விழுந்தது. அப்படியே எழுதினார். அந்தப் பெயரிலேயே அவருடைய 'வீவர்ஸ்' குழு பாடியது. 1952-ல் அமெரிக்காவின் புகழ்பெற்ற பாடல்கள் வரிசையில் அதற்கு இடம் கிடைத்தது.

தட்டில் பாட்டை ஆக்கியவர் என்று அச்சிட்டிருந்த பெயர் பால் காம்ப்பெல். யார் இவர்? அப்படி ஒரு ஆளே கிடையாது! குழுவினர் வைத்துக்கொண்ட புனைபெயர் அது. இல்லாத ஒருவருக்குப் பெயர் கிடைத்தது. இருந்த லிண்டாவுக்குக் கிடைக்கவில்லை.

பிற்பாடு 1961-ல், நியூயார்க் நகரத்து இளைஞர்களின் 'டோக்கன்ஸ்' குழு வந்தது. ஜார்ஜ் வெய்ஸ் என்பவர் ஆங்கிலத்தில் புதிய வரிகள் எழுதினார். லிண்டா கடைசியில் பாடிய அந்தச் சில விநாடி மெட்டின் மேல் ஆங்கில வரிகள் உட்கார்ந்தன. ஜூலு மொழிப் பாட்டில் விழித்திருந்த சிங்கத்தை இங்கே தூங்க வைத்தார்கள். 'தி லயன் ஸ்லீப்ஸ் டுநைட்' பிறந்தது. அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. ஆக்கியவர்கள் என்று மூன்று அமெரிக்கர்களின் பெயர்கள் இருந்தன. லிண்டாவின் பெயர் இல்லை.

பீட் சீகரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பாட்டைப் பாடியவர் ஒரு தென்னாப்பிரிக்கர் என்று தெரிந்ததும் அவர் லிண்டாவுக்கு 1,000 டாலர் அனுப்பினார். இனி வரும் பணமும் லிண்டாவுக்குப் போகட்டும் என்று பதிப்பகத்தாரிடம் சொன்னார். அது ஒழுங்காகப் போய்ச் சேர்கிறதா என்று தாம் கவனித்திருக்க வேண்டும் எனப் பின்னாளில் வருத்தப்பட்டார். நல்ல மனிதர்தான். ஆனால், சொன்னதோடு விட்டுவிட்டால் நியாயம் தானாக நடந்து போய்ச் சேராது என்பதையும் இதிலிருந்து தெரிந்துகொள்ளுங்கள்.

பெயர் பொறிக்காத கல்லறை

அமெரிக்காவில் பாட்டு முதலிடத்தில் இருந்த அதே சமயம், லிண்டா ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டிய சொவெட்டோவில் இருந்தார். சாணம் மெழுகிய மண்தரை வீடு. மனைவி, பிள்ளைகள். உடம்பில் சிறுநீரகக் கோளாறு. 1962-ல் அவர் இறந்தபோது வங்கிக் கணக்கில் 25 டாலர்கூட இல்லை.

கல்லறையில் பெயர் பொறித்த கல் வைக்கவும் குடும்பத்திடம் பணமில்லை. அந்தக் கல்லை வைக்க 18 ஆண்டுகள் ஆயின! இசைத்தட்டில் தொலைந்த பெயர், கல்லறையிலும் தொலைந்து கிடந்தது.

அந்த 18 ஆண்டுகளும் அவர் மெட்டு எங்கெங்கோ ஒலித்துக்கொண்டுதான் இருந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட பாடகர்கள் அதைப் பாடிப் பதிவு செய்திருக்கிறார்கள். 1994-ல் 'தி லயன் கிங்' படத்தில் வந்தது. 1997-ல் அதே கதை மேடை நாடகமாக வந்தபோது அதிலும் வந்தது.

பெயர் தெரிந்தால் என்ன ஆகும்?

"பெயர் தெரிந்து என்ன ஆகப்போகிறது? பாட்டு நன்றாக இருக்கிறதா, கேட்டோமா, போனோமா என்று இருக்க வேண்டியதுதானே?" என்று சிலர் கேட்பார்கள். அவர்களுக்கான பதில் இதோ வருகிறது. இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகத் தோன்றும் இடமும் இதுதான்.

2000-ம் ஆண்டில் ரையன் மலான் என்ற தென்னாப்பிரிக்கப் பத்திரிகையாளர், இந்தப் பாட்டின் கதையை முதலிலிருந்து கடைசிவரை துருவி ஆராய்ந்து 'ரோலிங் ஸ்டோன்' என்ற அமெரிக்கப் பத்திரிகையில் எழுதினார். சாலமன் லிண்டா என்ற பெயர் அப்போதுதான் உலகத்தின் காதில் பலமாக விழுந்தது. வழக்கறிஞர்கள் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார்கள். கிடைத்தது ஒரு புதையல்!

பிரிட்டிஷ் ஆட்சியில் 1911-ல் போட்ட காப்புரிமைச் சட்டம் ஒன்று தென்னாப்பிரிக்காவிலும் அமலில் இருந்தது. ஒருவர் தம் படைப்பின் உரிமையை உயிரோடு இருக்கும்போது விற்றிருந்தாலும், அவர் இறந்து 25 ஆண்டுகள் கழித்து அந்த உரிமை அவருடைய வாரிசுகளுக்கே திரும்பிவிடும் என்று அதில் ஒரு விதி. எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸின் பெயரால் இதை 'டிக்கன்ஸ் விதி' என்றும் சொல்வார்கள். எழுதினவர் வறுமையில் அற்ப விலைக்கு விற்றுவிட்டாலும், பிள்ளைகள் தெருவில் நிற்கக்கூடாது என்ற நல்ல எண்ணம் அதில் இருக்கிறது.

இப்போது ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். லிண்டா இறந்தது 1962. அதோடு 25-ஐக் கூட்டினால்? 1987. அந்த ஆண்டிலேயே உரிமை குடும்பத்துக்குத் திரும்பிவிட்டது. 'தி லயன் கிங்' வந்தது 1994. ஆக, படம் வந்தபோது உரிமை குடும்பத்துடையது. ஆனால் அது அவர்களுக்கே தெரியாது!

2004-ல் குடும்பத்தின் சார்பில் டிஸ்னி நிறுவனத்தின் மேல் தென்னாப்பிரிக்காவில் வழக்குப் போட்டார்கள். 2006 பிப்ரவரியில், பாட்டின் உரிமையை வைத்திருந்த அபிலீன் மியூசிக் என்ற நிறுவனத்தோடு சமரசம் ஏற்பட்டது. 1987 முதல் பாட்டைப் பயன்படுத்தியதற்கு ஈடாகக் குடும்பத்துக்குப் பணம் தர ஒப்புக்கொண்டார்கள். தொகை எவ்வளவு என்பதை வெளியிடவில்லை. பாட்டை ஆக்கியவர்களில் ஒருவராகச் சாலமன் லிண்டாவின் பெயரையும் சேர்க்கச் சம்மதித்தார்கள்.

1939-ல் பாடிய பாட்டு. 2006-ல் பெயர். நடுவில் எத்தனை ஆண்டுகள்? 67!

பார்த்தீர்களா? பெயர் தெரியாமல் இருந்தவரை சட்டம் புத்தகத்துக்குள் தூங்கியது. பெயர் தெரிந்ததும் விழித்துக்கொண்டது. பெயர் என்பது தட்டின் மேல் ஒட்டும் வெறும் அலங்காரச் சீட்டு இல்லை. அது ஒரு குடும்பத்தின் சோறு, பிள்ளைகளின் படிப்பு.

இரண்டு கேள்விகள்

"அது நாட்டுப்புறப் பாட்டு என்று நினைத்து எடுத்துக்கொண்டிருப்பார்கள். நாட்டுப்புறப் பாட்டு எல்லோருக்கும் பொதுதானே?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. தாலாட்டு, நடவுப் பாட்டு போன்றவற்றை யார் முதலில் பாடினார் என்று யாராலும் சொல்ல முடியாது. அவை பொதுச் சொத்துதான். ஆனால் 'ம்பூபே' தட்டின் மேல் 'சாலமன் லிண்டாவின் அந்திப் பறவைகள்' என்ற பொருளில் குழுவின் பெயர் தெளிவாக அச்சிடப்பட்டிருந்தது. கண்ணெதிரே பெயர் இருந்தது. தூரத்து ஏழை நாட்டுப் பாட்டு என்றால் அதற்குச் சொந்தக்காரர் யாரும் இருக்கமாட்டார் என்ற நினைப்பு, அந்தப் பெயரைப் படிக்கவிடவில்லை. இந்த நினைப்பு தவறு.

"அவரே 10 ஷில்லிங்குக்கு விற்றுவிட்டாரே, பிறகு என்ன?" என்று இன்னொரு கேள்வி வரலாம். தென்னாப்பிரிக்காவில் அன்று கறுப்பின மக்களில் பெரும்பாலோருக்கு ஓட்டுரிமை கிடையாது. எங்கே குடியிருக்கலாம் என்பதையும் அரசாங்கமே தீர்மானித்தது. கிடங்கில் பெட்டி கட்டும் தொழிலாளி, முதலாளியிடம் பேரம் பேசும் நிலையிலா இருந்தார்? சரி, காசை விற்கலாம், வாங்கலாம். 'இதைச் செய்தவர் இவர்' என்ற உண்மையை யாராலும் விற்கவும் முடியாது, வாங்கவும் முடியாது. எத்தனை கை மாறினாலும் 'ம்பூபே'யைக் கட்டியவர் லிண்டாதான்.

பாட்டுக்கு 'சாம்பார்' என்று பெயர் வைத்தால்?

இது ஏதோ ஒரு பாட்டுக்கு மட்டும் நடந்த விஷயம் இல்லை. சில பாட்டுகளுக்குப் பணம் கிடைத்தது, பாடியவர் பெயரும் கிடைத்தது. ஆனால் பாட்டின் சொந்தப் பெயரே போய்விட்டது! அதற்கும் ஓர் உதாரணம் சொல்கிறேன். இது ஜப்பான் பாட்டு.

1961-ல் கியூ சாகமோட்டோ என்ற இளைஞர் பாடிய பாட்டு அது. எழுதியவர் ரொக்குசுகே எய். இசையமைத்தவர் ஹச்சிதாய் நகமுரா. 'மேலே பார்த்தபடி நடப்பேன்' என்பது பாட்டின் தலைப்பு. கண்ணீர் கீழே விழுந்துவிடக் கூடாதே என்று அண்ணாந்து பார்த்து நடக்கும் ஒருவனின் சோகம் அதில் இருக்கிறது.

இந்தப் பாட்டு மேல்நாடுகளுக்குப் போனபோது, ஜப்பானியத் தலைப்பு வாயில் நுழையாது என்று 'சுகியாக்கி' எனப் பெயர் மாற்றினார்கள். சுகியாக்கி என்றால் என்ன தெரியுமா? இறைச்சியும் காய்கறியும் போட்டுச் செய்யும் ஒரு ஜப்பானியச் சாப்பாடு! பாட்டுக்கும் அதற்கும் துளியும் சம்பந்தம் இல்லை. நம் ஊர் சோகப் பாட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு போய், 'சாம்பார்' என்று பெயர் வைத்து விற்றால் நமக்கு எப்படி இருக்கும்?

1963 ஜூனில் அந்தப் பாட்டு ஜப்பானிய மொழியிலேயே அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. எவ்வளவு பெரிய பெருமை! ஆனால் வாங்கியவர்கள் அந்தச் சோகத்தின் பெயரைச் சொல்லிக் கேட்கவில்லை. ஒரு குழம்பின் பெயரைச் சொல்லிக் கேட்டார்கள். புகழ் வந்தது, புரிந்துகொள்ளுதல் வரவில்லை. இதையும் பாதி மரியாதை என்றுதான் சொல்வேன்.

நீங்கள் என்ன செய்யலாம்?

எங்கள் சிறு வயதில் வானொலிதான் எங்களுக்குப் பாட்டு வாத்தியார். இலங்கை வானொலியில் ஒரு பாட்டுப் போடுவதற்கு முன் அறிவிப்பாளர் படத்தின் பெயர், பாடலை எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் என்று வரிசையாகச் சொல்வார். கேட்டுக் கேட்டே எங்களுக்கு அத்தனை பெயரும் மனப்பாடம். இப்போது செல்போனில் அரை நிமிடத் துணுக்காக வந்து போகும் பாட்டில் பெரும்பாலும் எந்தப் பெயரும் வருவதில்லை. பாட்டு கைக்கு எளிதாக வந்துவிட்டது. பெயரைத்தான் நாம் தேடிப் போகவேண்டியிருக்கிறது.

அதனால் உங்களுக்கு மூன்று வேலைகள் தருகிறேன். பரீட்சை இல்லை, பயப்படாதீர்கள்!

ஒன்று: உங்களுக்கு மிகவும் பிடித்த பத்துப் பாட்டுகளை ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் பெயரைக் கண்டுபிடித்து எழுதுங்கள். அப்பா, அம்மா, தாத்தா, பாட்டியிடம் கேளுங்கள். கணினியில் தேடுங்கள். நடிகர் பெயரை எழுதிவிட்டு 'முடிந்தது' என்று சொல்லக் கூடாது!

இரண்டு: பள்ளி ஆண்டு விழாவில் ஒரு பாட்டுக்கு ஆடினாலும் பாடினாலும், அறிவிப்புச் செய்பவரிடம் அந்தப் பெயர்களையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். கால் நிமிடம்கூட ஆகாது.

மூன்று: இது பாட்டோடு நின்றுபோகும் விஷயம் இல்லை. தோழி வரைந்த படம், நண்பன் சொன்ன யோசனை, அண்ணன் எழுதிக் கொடுத்த பேச்சு என்று எதைப் பயன்படுத்தினாலும் "இது அவருடையது" என்று வாய் திறந்து சொல்லுங்கள். அதனால் உங்களுக்குக் கிடைக்கும் கைதட்டல் குறைந்துவிடாது.

ஒரு வேண்டுகோளும் உண்டு. பெரியவர்கள் உதவியோடு அந்த 1939-ம் ஆண்டுப் பதிவைத் தேடிக் கேளுங்கள். பழைய தட்டு, கொஞ்சம் கரகரப்பு இருக்கும். கடைசிவரை பொறுமையாகக் கேளுங்கள். உச்சக்குரலில் ஒரு சின்ன மெட்டு வந்து போகும். கேட்டதும் "அட, நமக்குத் தெரிந்த பாட்டு!" என்பீர்கள்.

பக்கத்தில் யாராவது, "யார் பாட்டு இது?" என்று கேட்டால், 'லயன் கிங்' பாட்டு என்று சொல்லிவிடாதீர்கள். சாலமன் லிண்டாவின் பாட்டு என்று சொல்லுங்கள். சொல்வீர்கள்தானே?